தொண்ணூற்றிரண்டு கிலோ கோதண்டம்

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், பழைய இரும்புக் கிடங்குகள் வரிசையாக நிற்கிற இடத்தில், லாரிகளுக்கான எடை மேடை ஒன்று இருக்கிறது. அதன் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் டில்லிபாபுவை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை என்பது அந்தச் சாலையில் ஓடுகிற எல்லா டிரைவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் முயற்சி செய்து பார்ப்பார்கள். காலி வண்டியை எடை போடும்போது கிளீனர் சீட்டுக்குப் பின்னால் படுத்துக்கொள்வான். தண்ணீர் டிரம்மை வாய்வரை நிரப்பிக்கொண்டு வருவார்கள். சரக்கு வண்டி என்றால் பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே கொஞ்சம் தள்ளி நிறுத்துவார்கள். டில்லி எழுந்து வரக்கூட மாட்டான். கண்ணாடியை விரலால் தட்டி, "உள்ள பட்த்துகினு கீறவன எறக்கு" என்பான். கிளீனர் தலையைச் சொறிந்துகொண்டு இறங்குவான்.

எழுந்து வராததற்குக் காரணம் திமிர் இல்லை. நூற்றுப் பதினெட்டு கிலோ உடம்பு. இரண்டு முழங்காலிலும் ஜவ்வு தேய்ந்துபோய்விட்டது. இடது காது சுத்தமாகக் கேட்காது. ஒரு காலத்தில் பென்னலூர் டில்லி என்றால் தமிழ்நாட்டு கிக் பாக்சிங்கில் தெரியாத ஆள் கிடையாது. அப்போது தமிழ்நாட்டு கிக் பாக்சிங்கே மொத்தம் நானூறு பேர்தான் என்பது வேறு விஷயம். ஹெவிவெயிட் பிரிவில் ஆறு முறை மாநில சாம்பியன். இரண்டு முறை தேசியப் போட்டியில் வெள்ளி. ஒரே ஒரு முறை பாங்காக் போய், நாற்பது வினாடியில் தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். அந்த நாற்பது வினாடியைப் பற்றி அவனே சிரித்துச் சிரித்துச் சொல்வான். "டிக்கெட் எடுக்க நின்ன நேரம் கூட நான் ரிங்குல நிக்கல" என்பான்.

அவன் யாரிடமும் சொல்லாதது வேறு ஒன்று. ஊர் வண்டிகளுக்கெல்லாம் சரியான எடை பார்த்துச் சீட்டுக் கொடுக்கிறவன், தனக்குத் தெரிந்த ஒரு பொய் எடையை மட்டும் இருபத்திரண்டு வருஷமாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்தான். அந்த எடைக்குச் சொந்தக்காரனான கோதண்டம் செத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் கோதண்டத்தின் மகள் எழிலரசி போன் செய்தாள்.

"மாமா, ஞாயித்துக்கெழம பதினாறாம் நாள் காரியம். பத்தரைக்கு படத்திறப்பு. அப்பா படத்த நீதான் தொறந்து வெக்கணும்னு அம்மா சொல்ட்டாங்க. ரெண்டு வார்த்த பேசவும் செய்யணும்."

"நானா? பேசறதுக்கு எவனாச்சும் கட்சிக்காரன் இல்லியாம்மா?"

"அப்பாவப் பத்தி பேச உன்ன வுட்டா வேற யாரு கீறா மாமா?"

அவள் சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறவள். பிரேக் முடிவதற்குள் பேசிவிட்டு வைத்துவிட்டாள். டில்லி போனைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். மேடையில் ஏறி நின்ற லாரி இரண்டு தடவை ஹாரன் அடித்த பிறகுதான் நிமிர்ந்தான்.

பேச வேண்டும் என்றால் ஒன்றைத்தான் பேச வேண்டும். அதைச் சொல்லிவிட்டுத்தான் அந்தப் படத்தின் மேல் கிடக்கும் துணியில் கை வைக்க வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் டில்லி இதை முடிவு செய்துவிட்டான். எந்தப் போட்டிக்கு முன்னாலும் அவன் இப்படிப் பயந்தது இல்லை.

கோதண்டமும் அவனும் ஒரே தெரு. ஸ்ரீபெரும்புதூரில், மூடிப்போன அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் பலராமன் மாஸ்டர் கிக் பாக்சிங் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சேர்ந்தார்கள். டில்லிக்கு உடம்பு இருந்தது. கோதண்டத்துக்கு ஆட்டம் இருந்தது. எண்பத்துநாலு கிலோ உடம்பை வைத்துக்கொண்டு அவன் காலைத் தூக்குவதும் தெரியாது, இறக்குவதும் தெரியாது. எதிரில் நிற்கிறவனுக்குக் கன்னம் எரியும்போதுதான் தெரியும். டில்லியின் உதையைத் தாங்கிப் பழக்குவதற்கு அந்தக் கொட்டகையில் வேறு ஒருத்தரும் முன்வர மாட்டார்கள். கோதண்டம்தான் மெத்தைப் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பான். ஒவ்வொரு உதைக்கும் இரண்டடி பின்னால் போய், சிரித்துக்கொண்டே திரும்பி வருவான்.

ஹெவிவெயிட்டில் ஒரு சங்கடம் உண்டு. நம் ஊரில் அந்த எடைக்கு ஆள் கிடைக்காது. தொண்ணூற்றொரு கிலோவுக்கு மேலே இருக்கிறவன் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பானே தவிர, காலைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்க மாட்டான். மாநிலப் போட்டியில் குறைந்தது இரண்டு பேராவது எடை காட்டினால்தான் அந்தப் பிரிவை நடத்துவார்கள். தனி ஆளாய் நின்று வாங்கிய சான்றிதழை வேலைக்கு ஏற்க மாட்டார்கள். அந்த வருஷம் சென்னையில் ஒரு அரசு நிறுவனத்தில் விளையாட்டு வீரர்களுக்கான வேலைக்கு டில்லி மனுப் போட்டிருந்தான். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. எதிராளியாக வர வேண்டிய மதுரைக்காரனுக்கு மஞ்சள் காமாலை என்று மூன்று நாள் முன்னால் செய்தி வந்தது.

பலராமன் மாஸ்டர் கூரையைப் பார்த்துவிட்டு, "கோதண்டா, நீ மேல் எடைக்கு ஏறிடு" என்றார்.

அவ்வளவுதான் ஏற்பாடு. விடியற்காலையில் கோதண்டம் மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தான். ஒரு சீப்பு வாழைப்பழம் தின்றான். மீதிக்கு, வீச்சு வலையில் கோர்க்கிற ஈயக் குண்டுகளைத் துணிப்பட்டையில் வைத்துத் தைத்து, கால்சட்டைக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். எடை பார்த்தவர் தொண்ணூற்றிரண்டு என்று எழுதினார். டில்லி பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கோதண்டம் திரும்பி அவனைப் பார்த்துக் கண்ணடித்தான். எடை காட்டி முடித்ததும் பின்பக்கம் போய்ப் பட்டையை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டான்.

ரிங்குக்குள் நடக்க வேண்டியதையும் மாஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். முதல் ரவுண்டு சும்மா சுற்றி வர வேண்டியது. இரண்டாவது ரவுண்டில் கோதண்டம் தன் இரண்டு கிளவுசையும் ஒன்றோடு ஒன்று இரண்டு தடவை தட்டுவான். தட்டினால் தயார் என்று அர்த்தம். டில்லி நெஞ்சில் லேசாக ஒரு தள்ளு உதை கொடுப்பான். கோதண்டம் உட்கார்ந்துவிடுவான். மத்தியானம் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறலாம்.

கோதண்டம் சுற்றி வந்தான். ஆனால் ரிங்குக்குள் இறங்கிவிட்டால் அவனுக்குச் சும்மா சுற்றத் தெரியாது. வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். ஆட்டம் வருகிறவனுக்கு அது தானாக வந்துவிடுகிறது. டில்லியின் தொடையில் ஒன்று, விலாவில் ஒன்று, காதோரம் ஒன்று. டில்லி திரும்புவதற்குள் அவன் வேறு பக்கம் நின்றான். பென்னலூரிலிருந்து வேன் வைத்து வந்திருந்த கூட்டம் முதலில் கை தட்டியது. பிறகு சிரித்தது. "டில்லி, கொசு எங்க கீதுன்னு தேடு" என்று ஒருவன் கத்தினான். முன்வரிசை மேஜையில் உட்கார்ந்திருந்த அதிகாரி ஒருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டில்லிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தனக்கு வேண்டித்தான் அவன் ரிங்கில் ஏறினான் என்பது மறந்துபோனது. இத்தனை வருஷம் தன் உதையை வாங்கிக்கொண்டு சிரித்தானே, அதுகூடக் கேலிதானோ என்று தோன்றியது.

இரண்டாவது ரவுண்டில் கோதண்டம் எதிரே நின்று, கிளவுசை இரண்டு தடவை தட்டினான். தட்டிவிட்டுக் கைகளைத் தாழ்த்தினான்.

டில்லி பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பார்த்த பிறகுதான் காலைத் தூக்கினான். நெஞ்சுக்கு இல்லை, தலைக்கு. முழு உடம்பையும் அதில் வைத்தான்.

கோதண்டம் மூலைக் கம்பத்தின் அடியில் போய் விழுந்தான். தலைக்காப்பு கழன்று உருண்டது. ஆனால் எழுந்துவிட்டான். சோடா குடித்தான். கோப்பையைத் தூக்கிக்கொண்டு நின்ற டில்லியோடு போட்டோ கூட எடுத்துக்கொண்டான். பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ராஜகுளம் தாண்டும்போது கோதண்டம் கேட்டான்:

"தட்னேனேடா. பாக்கலியா?"

"பாக்கல" என்றான் டில்லி.

கோதண்டம் தலை வலிக்கிறது என்று டில்லியின் தோளில் சாய்ந்துகொண்டான். சுங்குவார்சத்திரம் வந்தபோது டில்லியின் சட்டையெல்லாம் வாந்தி. பென்னலூர் வந்தபோது ஆளை எழுப்ப முடியவில்லை. தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. உயிரைக் காப்பாற்றினார்கள். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. கோதண்டத்தின் மனைவி ரத்னாவுக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம்.

டில்லிக்கு அந்த அரசு வேலை கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. அந்த வருஷத்துப் பட்டியலிலிருந்து கிக் பாக்சிங்கையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் வாங்கிய மெடல்கள் எல்லாம் பிடிவாதத்துக்கு வாங்கியவை. நிறுத்தினால் அந்த உதைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும் என்று பயந்து பத்து வருஷம் உதைத்துக்கொண்டிருந்தான். பாங்காக்கில் விழுந்தபோது உள்ளூர ஒரு நிம்மதிதான் வந்தது. பிறகு மாலில் காவல், மதுக்கடை வாசலில் காவல், கடைசியில் இந்த எடை மேடை.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தவறாமல் கோதண்டம் வீட்டுக்குப் போனான். அந்தப் பெரிய உடம்பைத் தனி ஆளாகத் தூக்கிக் குளிப்பாட்ட அவனால் மட்டும்தான் முடியும். முதுகு தேய்ப்பான், நகம் வெட்டுவான், துவட்டிக் கட்டிலில் உட்கார வைப்பான். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று ஊரே சொல்லும். டில்லிக்கு அதைக் கேட்கக் கேட்க உடம்பு கூசும். அதைவிடப் பெரிய தண்டனை வாசலிலேயே காத்திருக்கும். டில்லியின் தலை தெரிந்ததும் கோதண்டம் தன் நல்ல கையான இடது முஷ்டியால், மடியில் கிடக்கும் செத்த வலது கையின் மேல் இரண்டு தடவை தட்டுவான். கோணிய வாயோடு சிரிப்பான். "பாரு, அண்ணனுக்கு வணக்கம் வெக்கறாரு" என்பாள் ரத்னா. அவன் ஞாபகப்படுத்துகிறானா, மறுபடியும் கேட்கிறானா, மன்னித்துவிட்டேன் என்கிறானா என்று டில்லிக்குக் கடைசிவரை விளங்கவில்லை. இருபத்திரண்டு வருஷ ஞாயிறுகளில் ஒரு நாள்கூடக் குனிந்து அவன் காதில், பார்த்தேன்டா என்று சொல்ல வாய் வரவில்லை. கட்டிய மனைவி மெர்சியிடம்கூடச் சொன்னதில்லை. அவளுக்காவது சொல்லி அழ ஒரு ஃபாதர் இருக்கிறார் என்று மாதா கோயிலுக்குக் கிளம்பும்போதெல்லாம் அவள்மேல் பொறாமையாக இருக்கும்.

ஞாயிறு காலை டில்லி பென்னலூர் போனபோது தெருமுனையிலேயே பேனர் நின்றது. கறுப்புப் பின்னணியில் கோதண்டத்தின் இளவயசுப் படம். அடியில் தெருப் பையன்களின் முகங்கள் வரிசையாக, கூலிங் கிளாசோடு. "ஹெவிவெயிட் சிங்கம் கோதண்டம் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். டில்லி அந்த வார்த்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். எண்பத்துநாலு கிலோக்காரனைச் செத்தபிறகும் இறக்கிவிட ஆள் இல்லை.

சாமியானாவுக்குக் கீழே நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. மைக்கில் யாரோ ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டிருந்தான். முன்னால் மேஜையில் பெரிய படம், வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தது. டில்லி வருவதைப் பார்த்துவிட்டு ரத்னா உள்ளேயிருந்து வந்தாள். பதினாறு நாளில் பாதியாகியிருந்தாள்.

"அண்ணா, கொஞ்சம் பின்னால வாயேன். ஒரு விசயம் பேசணும்."

"நானும் ஒன்னு சொல்லணும் ரத்னா."

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம் யாரும் இல்லை. டில்லி தொண்டையைச் செருமினான். ஆனால் அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"மொதல்ல நான் சொல்ட்றேன். இப்ப வுட்டா எனக்கு தைரியம் வராது."

முந்தானைக்குள்ளிருந்து ஒரு பழைய பால்பவுடர் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தாள். உள்ளே ஈயக் குண்டுகள். நரைத்துப்போயிருந்தன. டில்லி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இது இன்னான்னு உனுக்குத் தெரியாது" என்றாள் ரத்னா. "எங்கப்பா வலைல இருந்த குண்டு. அந்த காஞ்சிபுரம் மேட்சுக்கு மொத நாளு, ஒன்னொன்னா பிரிச்சி, துணில வெச்சி நான்தான் தெச்சேன். அவரு இடுப்புல கட்டிவுட்டதும் நான்தான். அவரு தொண்ணூத்திரண்டு கிலோ இல்லண்ணா. எம்பத்தினாலுதான்."

டில்லி டப்பாவுக்குள் விரலை விட்டு ஒரு குண்டைத் தொட்டுப் பார்த்தான்.

"உனுக்கு சொல்லக் கூடாதுன்னு மாஸ்டர் சொன்னாரு. தெரிஞ்சா டில்லி அடிக்க மாட்டான், பொய் மேட்சுன்னு மேஜைல கீறவங்க கண்டுபுட்ச்சிடுவாங்கன்னு சொன்னாரு. அப்பறம் இவரு இப்டி ஆனப்போ ஆஸ்பத்திரிலயே மாஸ்டரு என்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு. டில்லிக்கித் தெரிஞ்சா நாண்டுகினு செத்துடுவான், அந்தப் பாவமும் உன்ன சேரும்னாரு. மாஸ்டரும் கொரோனால போய்ட்டாரு. இன்னும் நான் எதுக்கு மறைக்கணும்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பேசினாள்.

"உன் எடைக்கு ஆளுன்னு நம்பித்தானே நீ அடிச்சே. உன்ன ஏமாத்திட்டோம். அத உன் தலைமேல போட்டுகினு வாராவாரம் வந்து குளிப்பாட்டிவுட்டே. நான் ஒவ்வொரு வாட்டியும் பாத்துகினு நின்னேனே தவிர வாயத் தொறக்கல. அந்தத் தையல நான் போடாம இருந்தா அவரு ரிங்குலயே ஏறியிருக்க மாட்டாரு. நான்தான்ணா அவர கொன்னேன். என்ன மன்னிச்சிடு."

இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டுக்குள், ஒரே கட்டிலைச் சுற்றி, இரண்டு பேரும் தனித்தனியாக இதைச் சுமந்திருக்கிறார்கள். பலராமன் மாஸ்டர் மேல் டில்லிக்கு வந்த ஆத்திரத்தில், அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கொட்டகையிலேயே வைத்து மிதித்திருப்பான். ஆனால் ஆத்திரம் நிலைக்கவில்லை. மாஸ்டர் சொன்ன பொய் அவனுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பது உடனே உறைத்தது. இப்போது ஒரு வார்த்தை போதும். சரிம்மா, விடு என்று சொல்லிவிட்டால், அவளும் ஆறிவிடுவாள், அவனும் நல்லவனாகவே வீட்டுக்குப் போகலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்ததை நினைத்துப் பிற்பாடும் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"எனக்குத் தெரியும் ரத்னா" என்றான்.

"இன்னா தெரியும்?"

"ஈயம் தெரியும். நான் பின்னாலயே நின்னு பாத்தேன். மூணு பேரும் பேசி வெச்சிதான் பண்ணோம். ரெண்டாவது ரவுண்டுல அவன் கிளவுஸ ரெண்டு வாட்டி தட்டுவான், நான் மெதுவா தள்ளணும். அதான் பேச்சு. அவன் தட்டினான். கையக் கீழ வுட்டுட்டு நின்னான். நான் பாத்துட்டுதான் அடிச்சேன். தலைக்கி. அவன் என்னை வெச்சி ஆடினான், எல்லாம் சிரிச்சாங்க, எனக்குப் பொறுக்கல. பஸ்ஸுல கேட்டான். பாக்கலன்னு பொய் சொன்னேன். உன் தையல் ஒன்னும் பண்ல. நான்தான் பண்ணேன்."

சொல்லி முடித்ததும் அவனுக்கு மூச்சு வாங்கியது. இவ்வளவு சின்ன விஷயமா இது, நாலு மூச்சில் முடிந்துவிட்டதே என்று இருந்தது. ரத்னா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் நல்லது. அவள் கண்ணில் நீர் பொங்கி வழிந்தது. கை கூப்பினாள்.

"எனுக்காக இப்டி சொல்றியாண்ணா?"

"ரத்னா, சத்தியமா..."

"வேணாம்ணா. சத்தியம் பண்ணாத. என் மனசு ஆறணும்னு உன் பேர நீயே கெட்த்துக்கிறியே. மெதுவா தள்றதுக்கும் தலைல அடிக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நீ? அவர தூக்கி தொட்டில உக்கார வெக்கும்போது எம்மாம் பதவிசா வெப்பே. நான் பாத்திருக்கேன்ல?"

"அவன் என்னப் பாத்தா கையத் தட்டுவானே, அது வணக்கம் இல்ல ரத்னா. அது அந்த..."

அங்கே நிறுத்திவிட்டான். அவள் முகத்தில் ஒரு பயம் வந்து போனதைப் பார்த்துவிட்டான். பேச்சு, நடை, தொழில், சிரிப்பு எல்லாம் போன புருஷனிடம் அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்த இரண்டு தட்டுத்தான். வாரம் ஒரு நாள் அவன் மனுஷனாக இருந்தான் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே அடையாளம். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவள் நம்பிவிடுவாள், அது டில்லிக்குத் தெரிந்தது. நம்ப வைத்து யாருக்கு ஆறுதல் என்பதும் தெரிந்தது.

"இன்னாண்ணா?" என்றாள்.

"ஒன்னுமில்ல."

"இத வெளில பேசிடாத. பொண்ணு அவ அப்பன ஹெவிவெயிட்டுன்னு பெருமையா சொல்லிகினு கீறா. பேனர்லாம் போட்டுட்டாங்க." டப்பாவை மூடி அவன் கையில் வைத்தாள். "இத நீயே எங்கயாச்சும் ஏரில போட்டுடு. வூட்ல வெக்க முடில."

ஈயம் கையை இழுத்தது. நாலு கிலோ கொஞ்சம் குறையும் என்று அவன் கை தானாகவே கணக்குப் போட்டது. தொழில் புத்தி எந்த நேரத்தில் எட்டிப் பார்க்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மைக் முன்னால் நின்றபோது கூட்டம் அடங்கியது. டில்லி டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தான். முன்வரிசையில் ரத்னா. அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், கல்யாணம் ஆன புதிதில், அவளிடம் பார்த்த முகம். அதைப் பார்த்த பிறகு அவன் யோசித்து வைத்திருந்ததில் ஒரு வாக்கியமும் மிச்சமில்லை.

"கோதண்டம் என்ன வுட நல்லா ஆடுவான்" என்றான். "அன்னிக்கி மேட்சுல அவன்தான் ஜெயிச்சிருக்கணும். நான் ஜெயிச்சது ஜெயிப்பே இல்ல."

கூட்டம் கை தட்டியது. எவ்வளவு பெரிய மனசு என்று பின்னால் யாரோ சொன்னது அவனுடைய நல்ல காதில் விழுந்தது. உண்மையைச் சொன்னால் கை தட்டுகிறார்கள், இவர்களை என்ன செய்வது என்று அவனுக்கு அழுகை முட்டியது. துணியை இழுத்தான். காஞ்சிபுரம் மண்டபத்து வாசலில், போட்டிக்கு முன்னால் எடுத்த படம். இருபத்தைந்து வயசுக் கோதண்டம் இரண்டு கிளவுசையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். டில்லி மாலை போட்டான். இரண்டு பெண்கள் வாய்விட்டு அழுதார்கள்.

அவன் மேஜையைவிட்டு நகர்வதற்குள் எழிலரசி வந்தாள். வந்தவள் அத்தனை பேர் முன்னாலும் அவன் காலில் விழுந்தாள். டில்லி பின்னால் போகப் பார்த்தான். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான்.

"எழுந்திரும்மா. வேணாம்."

எழுந்தாள். அப்பனுடைய அதே கண்கள். "நீ இல்லன்னா எங்கப்பா இவ்ளோ நாளு இருந்திருக்க மாட்டாரு மாமா" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, சின்ன வயசில் கட்டிலோரம் உட்கார்ந்து அப்பனைப் பார்த்துச் செய்து பழகியதுபோல, இடது முஷ்டியை மடக்கி, வலது கையின் மேல் இரண்டு தடவை தட்டினாள்.

"இனிமே நான் வெக்கறேன் மாமா உனுக்கு. அப்பா வணக்கம். பாத்தியா?"

டில்லி டப்பாவை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான்.

"பாத்தேன்மா" என்றான்.